மாவுப்பூச்சியும் வேப்பங்கொட்டையும்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இப்போது 46 தொட்டிகளும் பைகளும் இருக்கின்றன. கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி, பந்தல் போட்ட அவரை, ஒரு கறிவேப்பிலை, ஒரு நார்த்தை, பூஜைக்கென்று செம்பருத்தியும் நந்தியாவட்டையும் என ஒன்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. எங்கள் தெருவில் மாடித்தோட்டம் இல்லாத வீடு இப்போது குறைவு என்பதால், பூச்சி விழுந்த கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் வாரம் தவறாமல் வந்துவிடுகிறார். (அப்படி எடுத்து வர வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன், கைபேசியில் ஒரு படம் போதும், பூச்சி வழியில் எந்தத் தொட்டியிலும் இறங்கிவிடும்.) எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எதைக் கரைத்துத் தெளித்தால் இது போகும்? வேப்ப எண்ணெயும் பூண்டும் மோரும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஒரு வீட்டில் செடி பிழைக்கிறது, அடுத்த வீட்டில் பட்டுப்போகிறது. தெளிப்பதற்கு முன்பு இலையைத் திருப்பிப் பார்த்தார்களா, தெளித்த பிறகு ஐந்தாம் நாள் மறுபடியும் வந்து நின்றார்களா என்பதில்தான் இந்த வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான நம்பிக்கை.

இந்தத் தை மாதம் அடுக்குச் செம்பருத்தி ஒன்றை ஒரு நர்சரியில் வாங்கி வந்தேன். மொட்டுகள் நிறைந்து பார்ப்பதற்கு நன்றாக இருந்தது. மேலிருந்து பார்த்து வாங்கினேனே தவிர, இலைகளைத் திருப்பிப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் காலையில் தண்ணீர் ஊற்றும்போது நுனிக் குருத்துகள் முறுக்கிக்கொண்டு நிற்பதையும், கிளைக் கவடுகளில் இட்லி மாவு சிந்திக் காய்ந்ததைப் போல வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பியிருப்பதையும் கண்டேன். ஈர்க்குச்சியால் ஒன்றைத் தள்ளிப் பார்த்தபோது அது மெல்ல நகர்ந்தது. நசுக்கியபோது மஞ்சள் நிற நீர் கசிந்தது. கீழ் இலைகள் பிசுபிசுவென்று ஒட்டின. தொட்டியின் விளிம்பிலிருந்து குருத்து வரை கட்டெறும்புகள் ஒரே வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நர்சரியில் குறை கேட்டபோது எங்கள் மாடியிலிருந்துதான் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தச் செடியை வாங்கி வந்தாலும், இரண்டு வாரம் மாடிப்படியின் திருப்பத்தில் தனியாக வைத்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்கிறேன்.

மாவுப்பூச்சியை விரட்டுவது ஏன் கடினம் என்பதை அதன் உடலே சொல்லிவிடும். வெள்ளையாகத் தெரிவது அதன் மேல் படிந்திருக்கும் மெழுகு. நீரில் கரைத்த எந்த மருந்தும் அந்த மெழுகின் மேல் சேப்ப இலையில் விழுந்த நீர்போல உருண்டு ஓடிவிடும். பெண் பூச்சி பஞ்சு போன்ற பையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. அந்தப் பைக்குள்ளும் மருந்து இறங்காது. ஒரு வாரம் பத்து நாளில் முட்டைகள் பொரிந்து வெளிவரும் குஞ்சுகளுக்கு மட்டும் மெழுகு இருப்பதில்லை. அவை ஊர்ந்து இடம் தேடும் அந்தச் சில நாள்களில்தான் நம் சோப்பும் எண்ணெயும் முழுப் பலன் தருகின்றன. ஒரே ஒரு முறை தெளித்துவிட்டு, இரண்டு நாள் செடி சுத்தமாக இருந்தது, பிறகு மீண்டும் வந்துவிட்டது, வீட்டு மருந்தெல்லாம் வேலைக்காகாது என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் விளக்குகிறேன். வந்தது பழைய பூச்சி அன்று. அன்றைக்குப் பைக்குள் பத்திரமாக இருந்த முட்டை.

எறும்பின் பங்கு இதைவிடப் பெரியது. மாவுப்பூச்சியும், செடிப்பேன் எனப்படும் அசுவினியும் சாற்றை உறிஞ்சிவிட்டு மிகுதியான சர்க்கரையைத் தேன்போல வெளியேற்றுகின்றன. எறும்புகள் அதற்காகவே வருகின்றன. பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுகளைக் கடித்து விரட்டுகின்றன. அந்தத் தேன் படிந்த இலைகளில் கரும்பூசணம் பிடித்து, இலை புகை படிந்ததைப் போல ஆகிவிடுகிறது. ஆகவே எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் எத்தனை முறை தெளித்தாலும் பாதி உழைப்பு வீண். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, செங்கலை ஒரு தட்டில் வைத்து அதில் தண்ணீர் ஊற்றுவது எளிய வழி. ஆனால் சென்னையில் தேங்கிய நீர் என்றால் டெங்குக் கொசுவும் கூடவே வரும். எனவே தட்டில் சோப்பு நீரை ஊற்றி, வாரம் இருமுறை கொட்டி மாற்றுகிறேன். தண்டு தடித்த செடிகளுக்குப் பழைய வேட்டித் துணியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, விளக்கெண்ணெயில் நனைத்து அடித்தண்டில் சுற்றிவிடுகிறேன். எண்ணெய் காயக் காயத் தொட்டுவிட வேண்டும்.

செம்பருத்திக்கு நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முறுக்கிக்கொண்ட நுனிகளை எல்லாம் கத்தரித்து நேரே சோப்பு நீர் வாளிக்குள் போட்டேன். குப்பைக்கூடையில் போட்டால் அங்கிருந்தே ஏறி வந்துவிடும். மீதிச் செடியைச் சாய்த்துப் பிடித்து, குழாயின் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சி, இலைகளின் அடிப்பக்கத்தையும் கவடுகளையும் கழுவினேன். செலவே இல்லாத இந்த மருந்தை யாரும் மருந்தாகவே கருதுவதில்லை. ஆனால் மாவுப்பூச்சியிலும் அசுவினியிலும் சிவப்புச் சிலந்திப்பேனிலும் பாதிக்கு மேல் நீர் வேகத்திலேயே உதிர்ந்துவிடுகின்றன. கவட்டில் எஞ்சியதைப் பழைய பல் துலக்கும் பிரஷைச் சோப்பு நீரில் தோய்த்துத் தேய்த்து எடுத்தேன். அதன் பிறகுதான் வேப்ப எண்ணெய். ஐந்து நாளுக்கு ஒரு முறையாக மூன்று முறை, பிறகு பத்து நாள் கழித்து ஒரு முறை. பங்குனியில் புதுத் தளிர் வந்தது.

வேப்ப எண்ணெய்க் கரைசலின் அளவு எல்லோருக்கும் தெரிந்ததே: ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி எண்ணெய், அது நீரோடு கலப்பதற்கு 5 கிராம் அளவுக்குச் சீவிய காதி சோப்பு. கலக்கும் வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். சோப்புத் துருவலை முதலில் ஒரு கைப்பிடி வெந்நீரில் முழுக்கக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டுக் கரண்டியால் அடித்து, பால் போல வெளுத்த பிறகே மீதி நீரைச் சேர்க்க வேண்டும். நீரின் மேல் எண்ணெயை ஊற்றிவிட்டுப் பிறகு சோப்பைப் போட்டால் அது ஒருபோதும் கலக்காது. எண்ணெயை நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறேன். மூக்கைத் துளைக்கும் கசப்பு வாடையும், குளிர் நாளில் அடியில் உறையும் தன்மையும் இருந்தால் நல்ல எண்ணெய் என்று கடைக்காரர் சொல்லித் தந்தார்.

முதல் ஆண்டில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். சித்திரை மாதம், முற்பகல் பதினொரு மணி. துணி துவைக்கும் சோப்பையும் வேப்ப எண்ணெயையும் ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கித் தெளிப்பானில் ஊற்றி, ஒரு கோடியிலிருந்து தெளித்துக்கொண்டே போனேன். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு நீர். அதில் சோப்பு நுரைக்காது, திரிந்து தயிர்த் திட்டுகளாக மிதக்கும். எண்ணெயைப் பிடித்து வைக்க வேண்டிய சோப்பு திரிந்துபோனதால் எண்ணெய் முழுவதும் மேலே மிதந்துவிட்டது. தெளிப்பானின் குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சும். ஆகவே முதலில் நின்ற செடிகளுக்கு வெறும் நீரும், கடைசி வரிசையில் நின்ற ஐந்து கத்தரிச் செடிகளுக்கு ஏறக்குறைய வெறும் எண்ணெயும் போய்ச் சேர்ந்தன. அந்த வெயிலில், மறுநாள் காலைக்குள் ஐந்து செடிகளின் இலைகளும் அப்பளம் போலக் காய்ந்து நின்றன. பிஞ்சு விட்டிருந்த செடிகள். அந்தக் காலையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அன்றிலிருந்து கரைசலுக்கென்று தனி நீர் வைத்திருக்கிறேன். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது மாமனார் பின்கட்டில் ஒரு தொட்டி கட்டினார்; மழைக்காலத்தில் அந்த நீர். கோடையில் ஏசியிலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடிக்கிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கும் நீர் என்பதால் அதில் உப்பு இல்லை. சோப்பு அருமையாக நுரைக்கிறது, எண்ணெய் மணிக்கணக்கில் பிரியாமல் நிற்கிறது. சென்னையில் வேப்ப எண்ணெய் பலிக்கவில்லை என்று வருந்தும் வீடுகளில் நான் முதலில் கேட்பது எந்த நீரில் கலக்கினீர்கள் என்பதைத்தான். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் இலையின் மேல்தோலை அரித்துவிடும் என்பதால் அவற்றை நான் தொடுவதே இல்லை.

நேரமும் முக்கியம். மாலை ஐந்தரைக்கு மேல், வெயில் சாய்ந்த பிறகே தெளிக்கிறேன். வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற சத்து வெயிலில் விரைவில் சிதைந்துவிடும். எண்ணெய் படிந்த இலை வெயிலில் பொசுங்கும். தேனீக்களும் அந்நேரத்துக்குக் கூடு திரும்பியிருக்கும். கோடையில் பிற்பகல் தொட்டு நமக்குக் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசுவதால், காற்று முதுகில் படும்படி மேற்கே பார்த்து நின்று தெளித்தால் முகத்தில் தெறிக்காது. புதிதாக ஒரு கரைசல் செய்தால் ஒரே ஓர் இலையில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டுத்தான் முழுச் செடிக்கும் போகிறேன். அக்கினி நட்சத்திர நாள்களில் எண்ணெயே கிடையாது. நீர் பீய்ச்சுவதோடு சரி.

பூச்சிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கையொப்பம் உண்டு. மிளகாய்ச் செடியின் இலை ஓடம் போல மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் இலைப்பேன். அதே இலை கவிழ்த்து வைத்த ஓடம் போலக் கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். இரண்டையும் வெறும் கண்ணால் காண்பது அரிது. இலையை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் புள்ளிகளாக ஊர்வதைப் பார்க்கலாம். இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைச் சாறு நன்றாகப் பலிக்கிறது. கத்தரியின் இலைக்கு அடியில் மெல்லிய வலை பின்னியிருக்கும் சிவப்புச் சிலந்திப்பேனுக்கோ வறண்ட வெப்பம்தான் பிடிக்கும் என்பதால், கோடையில் தினமும் காலையில் இலைக்கடியில் நீர் தெளிப்பதே பெரிய மருந்து. வாரம் ஒரு முறை, ஒரு வாரம் புளித்த மோரைப் பத்து மடங்கு நீரில் கலந்து, வடிகட்டித் தெளிக்கிறேன், கொஞ்சம் கட்டுப்படுகிறது. மோரை அதற்கு மேல் நான் நம்புவதில்லை.

கத்தரியில் நுனித் தண்டு திடீரென்று தலை சாய்ந்து நின்றால் அது தண்ணீர்க் குறைவு என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுகிறார்கள். அந்தத் தண்டைக் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும். தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் இருக்கும் புழுவை எந்தக் கரைசலும் எட்டாது. வாடிய நுனியை இரண்டு அங்குலம் கீழே வெட்டி அழிப்பதும், ஓட்டை விழுந்த காயைச் செடியில் விடாமல் பறித்துவிடுவதும், மண்ணில் மாதம் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு இடுவதும்தான் வழி. வெண்டையில் நரம்புகள் மஞ்சளாகி வலை போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டு வந்து விட்ட நச்சுயிரி நோய். அதற்கு மருந்தே இல்லை. அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மற்றச் செடிகளைக் காப்பாற்ற மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறத்தின் மேல் அப்படி ஓர் ஈர்ப்பு. மறுநாள் காலையில் அட்டையில் எள் தூவியது போல ஒட்டியிருக்கும்.

அவரைக்கு மார்கழியும் தையும் கண்டம். அந்தக் குளிர்ந்த மேகமூட்டத்தில்தான் கறுப்பு அசுவினி கொடி நுனிகளிலும் பூங்கொத்திலும் மொய்க்கிறது. அசுவினியின் பெண், ஆண் துணையின்றியே குஞ்சுகளை உயிரோடு ஈன்றுவிடும் என்பதால், ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் கொத்து முழுவதும் கறுத்துவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த என் அத்தை, அதாவது மாமியார், பனி ஈரம் காயாத விடியலில் அடுப்புச் சாம்பலைச் சலித்து அவரைக் கொடியில் தூவுவார்களாம். எரிவாயு அடுப்பு எரியும் இந்த ஊரில் சாம்பலுக்கு எங்கே போவது? விறகடுப்பு வைத்திருக்கும் ஒரு டீக்கடையில் சொல்லி வைத்து அத்தைதான் ஒரு முறை வாங்கி வந்தார்கள். வேலை செய்தது. ஆனால் இங்கே அது எப்போதும் கிடைப்பதில்லை, வெறும் சோப்பு நீரே அசுவினிக்குப் போதும். எண்ணெய்கூட வேண்டியதில்லை, உடல் மெல்லியது, சோப்பு பட்டவுடன் சாகும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: சோப்பு நீர் ஈரமாக இருக்கும்வரைதான் கொல்லும். படாத பூச்சி பிழைத்துக்கொள்ளும்.

வேம்பு அப்படி உடனே கொல்வதில்லை. இதைப் புரிந்துகொள்ளாததால் மறுநாளே ஏமாற்றம் அடைகிறார்கள். வேம்பு பட்ட இலையைப் பூச்சி தின்ன மறுக்கிறது. தின்ற புழு, தோல் உரிக்க முடியாமல் நாள்கள் கழித்துச் சாகிறது. பூச்சியின் தோலுரிப்பை நடத்தும் சுரப்பியின் வேலையை அசாடிராக்டின் குலைத்துவிடுகிறது. நம் பாட்டிமார் அரிசிப் பானையில் இலை போட்டு வைத்த இந்த மரத்தின் எண்ணெயைப் பூசணக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கு, 1994-இல் ஐரோப்பாவில் அமெரிக்க வேளாண் துறையும் ஒரு நிறுவனமும் காப்புரிமை பெற்றன. அது 2000-இல் ரத்து செய்யப்பட்டது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. வேப்பங்கொட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

எண்ணெயைவிட நான் பெரிதாக மதிப்பது வேப்பங்கொட்டைச் சாற்றைத்தான். எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய வேப்பமரம். அதன் நிழலில் இஸ்திரி வண்டி. ஆனி ஆடியில் பழம் உதிரும்போது, துவைத்த துணியில் கறை படியாமலிருக்க வண்டிக்கார ஐயா விடியற்காலையிலேயே கூட்டி ஒதுக்கிவிடுவார். "இதெல்லாம் சாக்கடைக்குத்தானே போவுது, எடுத்துக்கங்கம்மா" என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் சொன்னதிலிருந்து, அந்தக் குவியல் எனக்கு வருகிறது. பழத்தின் சதையை நீரில் பிசைந்து நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகும் சாக்கில் கட்டி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூசணம் பிடித்துவிடும். கொட்டை மூன்று மாதமாவது பழகியதாகவும், எட்டுப் பத்து மாதத்துக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும். பருப்பை உடைத்துப் பார்த்தால் பச்சை கலந்த வெளுப்பு நிறம் மாறாமல் இருக்கும். ஒரு லிட்டருக்கு 50 கிராம் பருப்பைக் கொரகொரவென்று இடித்து, துணியில் முடிந்து, கால் லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவிடுகிறேன். காலையில் முடிப்பைப் பிழியப் பிழிய முதலில் பால் போலவும் பிறகு இளம் பழுப்பாகவும் சாறு இறங்கும். பிழிவது வெளுத்துத் தெளியும்வரை பிழிந்து, ஒரு லிட்டராக்கி, சிட்டிகை காதி சோப்பு கரைத்து, அன்று மாலையே தெளித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும். இடிக்கும் உரலைச் சமையலுக்கு வைத்துக்கொள்ள முடியாது. கசப்பு எத்தனை கழுவினாலும் போகாது.

3ஜி கரைசல் என்று இப்போது எல்லோரும் சொல்லும் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசல் புழுக்களுக்குத்தான் உதவுகிறது. மூன்றையும் 50 கிராம் வீதம் விழுதாக அரைத்து, அரை லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, இரண்டாக மடித்த மெல்லிய துணியில் வடித்து, லிட்டருக்கு 50 மில்லி கலக்கிறேன். வடித்தது சரியில்லையென்றால் தெளிப்பானின் துளை அடைத்துக்கொள்ளும். அதை வாயால் ஊதிச் சரிசெய்ய முனைந்து உதடு வீங்கியவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடி அணிந்துகொண்டு தெளிக்க வேண்டும். அதே நேரத்தில், புழுவைக் கண்ணால் பார்க்க முடிந்தால் கையால் எடுப்பதற்கு ஈடான மருந்து எதுவும் இல்லை. கறிவேப்பிலையிலும் நார்த்தையிலும் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது உண்மையில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். அது யாரையும் கடிக்காது. சிறு கன்றுகளில் மட்டும் எடுத்துவிட்டு, வளர்ந்த கறிவேப்பிலையில் ஒரு கிளையை அவற்றுக்கென்றே விட்டுவிடுகிறேன்.

புகையிலைக் கஷாயத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். வீட்டில் செய்வதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது. நிகோடின் கடுமையான நஞ்சு, தோல் வழியாகவும் உடலில் ஏறும். புகையிலையில் இருக்கும் தேமல் நச்சுயிரி அதே குடும்பத்தைச் சேர்ந்த தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். பிள்ளைகள் ஓடியாடும் மாடியில், பறித்ததும் சமைக்கும் காயில் அதற்கு இடமே இல்லை.

கடைசியாக, நான் மனம் வருந்தும் ஒரு தவறு. செம்பருத்திக்கு இரண்டாம் முறை தெளித்த பிறகும், தண்டில் இரண்டு மூன்று பெரிய மாவுப்பூச்சிகள் மெழுகு நூல்கள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரியவை, வேகமாக ஊர்ந்தன. அவற்றைப் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டேன். மாவுப்பூச்சி ஒருபோதும் அவ்வளவு வேகமாக நகராது என்பது மறுநாள்தான் உறைத்தது. அவை கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சியைப் போலவே மெழுகு வேடம் பூண்டு அதன் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து அதைத் தின்பவை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்ட அந்த வண்டு, யாரும் அழைக்காமலே எங்கள் மாடிக்கு வந்திருந்தது.

2008-இல் கோயம்புத்தூரில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களை அழித்தபோது, எத்தனையோ பூச்சிக்கொல்லிகள் தெளித்தும் மெழுகைத் தாண்ட முடியவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த, கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறிய குளவி இனங்களை விட்ட பிறகே அது அடங்கியது. அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. அசுவினிக்கும் இப்படி ஒரு குளவி உண்டு. அவரைக் கொத்தில் உப்பி, பழுப்பாகி, முதுகில் வட்டத் துளையோடு அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிகளைக் கண்டால், குளவி வேலை செய்துவிட்டது என்று அறியலாம். அப்படிப்பட்ட கொத்தை நான் இப்போது தொடுவதில்லை. சோப்பு நீரும் தெளிப்பதில்லை.

இன்று காலை செம்பருத்தியில் ஒரே ஒரு கவட்டில் வெண்மை தெரிந்தது. எறும்பு இல்லை. பக்கத்து இலையில் மெழுகு சிலிர்த்த புழு ஒன்று நின்றது. பிரஷை எடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன். நிழலில் உலர்ந்த இந்த ஆண்டின் கொட்டை மூன்று கிலோ தேறியது. சாக்கில் கட்டி, மேலே ஆடி 12 என்று எழுதியிருக்கிறேன். ஐப்பசிக்கு முன்னால் அதைப் பிரிக்கப் போவதில்லை. மழை ஓய்ந்து அவரை பூக்கும்போது அது பதமாக இருக்கும்.